கப்புசீனுக்கு எதிராக இரண்டு பேர்

ஞாயிறு காலை பத்து மணி. கொழும்பு வெள்ளவத்தையில் அந்த நாலாம் மாடி வீட்டு வாசலில் பதினான்கு சோடிச் செருப்பு. நோபேட் தன் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார்.

"கழட்டுங்கோ. உள்ளுக்கு சாமி வச்சிருக்கினம்" என்றாள் மனைவி யோசெப்பின்.

"நான் இருக்க வரேல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டுப் போக வந்தனான்."

கத்தோலிக்க வீட்டு மகள் ரொஷேல் ஒரு சைவ சமயப் பையனைப் பதிவுத் திருமணம் செய்து ஒன்றரை வருடம். அன்றிலிருந்து நோபேட் கொட்டாஞ்சேனையை விட்டு இந்தப் பக்கம் வரவில்லை. பேத்தி பிறந்தும் வரவில்லை. போனில் படம் பார்த்ததோடு சரி. இன்று பிள்ளை பிறந்து முப்பத்தொன்று, துடக்குக் கழித்துப் பெயர் வைக்கும் நாள். அதற்கும் வந்திருக்க மாட்டார். போன கிழமை மகள் சொன்ன பெயர்தான் அவரை பஸ் ஏற்றியது.

கப்புசீன்.

பிரெஞ்சுப் பெயராம். ஏதோ பூவாம்.

அந்தப் பெயர்தான் என்றால் இனி எனக்கு மகளும் இல்லை, பேத்தியும் இல்லை. இதைச் சொல்லத்தான் வந்திருந்தார்.

கதவைத் திறந்தது மருமகன் ஜனாவின் தகப்பன் சிவபாலன். கலியாணத்துக்கு முதல் இரண்டு பேரும் ஒரே ஒருமுறை கதைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் கீழ்மாடி வரை கேட்டதாம்.

"மிஸ்டர் நோபேட், பேரைக் கேள்விப்பட்டியளே?"

"கேள்விப்பட்டன்."

"கப்புச்சீனோ எண்டு கோப்பிக் கடைப் பலகையில தொங்கிற பேர். அதைப் பிள்ளைக்கு வைக்கினம்."

"கோப்பி எண்டாலும் பரவாயில்லை. எங்களுக்கு அது கப்புச்சின் சபைக் குருமார். தாடி வச்ச ஆக்கள்."

சிவபாலன் சிரித்துவிட்டார். நொண்டிக்கொண்டே போய்க் கதிரையை இழுத்துப் போட்டார். நோபேட் எப்போது சப்பாத்தைக் கழற்றினார் என்பது அவருக்கே தெரியாது.

"நட்சத்திரத்துக்குப் பொருந்தின எழுத்தில ஒன்பது பேர் சொன்னனான். ஒண்டையும் எடுக்கேல்லை" என்றார் சிவபாலன்.

"நான் ஒரு பேர்தான் கேட்டன். யூஜினா. என்ர அம்மாவின்ர பேர்."

"நல்ல பேர்தானே."

நோபேட் அவரை நிமிர்ந்து பார்த்தார். 'என்ர வீட்டில யூஜினாவோ?' என்று இதே மனிதர் கேட்டதாக முன்பு ஒரு கதை வந்திருந்தது.

அறைக்குள்ளிருந்து ரொஷேல் பிள்ளையோடு வந்தாள். பின்னால் ஜனா.

"வந்திட்டீங்களா, டடா?"

"பேரை மாத்து."

"ஏன்?"

"வெள்ளைக்காரப் பேர் எங்களுக்கு எதுக்கு?"

"எனக்கு ரொஷேல் எண்டு வச்சது ஆர்?"

யோசெப்பின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது வேற" என்றார் நோபேட்.

"ஓம், அது வேற" என்றார் சிவபாலனும். எப்படி வேறு என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

சிவபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் முதல்ல வேற ஒரு பேர் சொன்னனீங்கள். என்னது, ரூபிகாவே?"

நோபேட்டுக்கும் ஞாபகம் வந்தது. அப்படி ஒரு புனிதர் இல்லை என்று அவர்தான் அதை வேண்டாம் என்றிருந்தார்.

"எழுத்துப் பொருந்தாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அப்பா" என்றான் ஜனா.

"இதோட பார்க்கேக்க அது எவ்வளவோ மேல். என்ன சம்பந்தி, நான் சொல்லுறது சரிதானே?"

சம்பந்தி. ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

"ரூபிகாவே இருக்கட்டும்" என்றார் நோபேட்.

"ரெண்டு பேரும் ஒண்டா நிண்டு சொன்னா நாங்கள் என்ன செய்யிறது?" ரொஷேல் முகத்தைத் தொங்கப்போட்டாள். பிறகு பிள்ளையை நோபேட்டின் கையில் கொடுத்தாள். போன் படத்தில் இந்தச் சூடு தெரிந்திருக்கவில்லை.

பிள்ளையின் காதில் பெயர் சொல்லி முடிந்ததும், "குசினியில கேக் இருக்கு, ஆராவது எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள் சிவபாலனின் மனைவி பத்மாவதி.

சிவபாலன் துள்ளி எழும்பினார். நோபேட் அவரைத் தோளில் பிடித்து இருத்தினார்.

"முழங்கால் வருத்தத்தோட நீங்கள் ஏன்? நான் போறன்."

பிள்ளையை யோசெப்பினிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார்.

கேக்கின் மேல் ரோஸ் நிற ஐசிங்கில் எழுதியிருந்தது: ரூபிகா.

நேற்றே ஓடர் கொடுத்திருக்க வேண்டிய கேக். நோபேட்டுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. கப்புசீன் என்று ஒரு பிள்ளை ஒருபோதும் இருக்கவில்லை. மகள் இரண்டு கிழவன்மாரையும் ஒரு பக்கத்தில் நிறுத்த வேறு வழி தெரியாமல் செய்த வேலை.

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. சிவபாலன் இதைக் கண்டால் ஏமாந்துவிட்டோம் என்று குதிப்பார். பெயரும் போகும், சம்பந்தியும் போவார்.

கத்தியால் ஐசிங்கை வழித்தார். எழுத்து ஒன்றும் மிஞ்சாமல் கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார்.

தட்டோடு வந்தபோது சிவபாலன் இன்னும் கதிரை நுனியில் இருந்தார். தட்டைப் பார்த்தார். நோபேட்டின் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகுதான் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"வடிவா வெட்டியிருக்கிறியள்" என்றார்.

டிசம்பர் 25ஆம் திகதி சிவபாலன் குடும்பம் கொட்டாஞ்சேனைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தது. லவ் கேக்கைப் பரிமாறிக்கொண்டே, பெயர் வைத்த அன்றைய கேக் எந்தக் கடையில் வாங்கியது என்று யோசெப்பின் பத்மாவதியிடம் கேட்டாள்.

"தெரியாது அக்கா, ஜனா போன்ல ஓடர் குடுத்தது. இவர்தான் விடியப் பூ வாங்கப் போன இடத்தில அதையும் எடுத்துக்கொண்டு வந்தவர். கடைப் பிள்ளை பெட்டியைத் திறந்து, எழுதின பேர் சரியோ எண்டு காட்டிப்போட்டுத்தான் குடுத்தவளாம்."

நோபேட் சிவபாலனைப் பார்த்தார். சிவபாலன் இன்னொரு துண்டு கேக் கேட்டார்.