கோமதி வீட்டு வெள்ள முறை

அணை நிரம்பும் மழைநாள்களில், ஆற்றங்கரை வீடுகளின் கீழ்த்தளங்கள் முறைவைத்து உபரிநீரை ஏற்க வேண்டும். இன்று கோமதி வீட்டின் முறை. அறுவைச் சிகிச்சையில் மகனைப் பெற்று ஒரு வாரம்கூட ஆகாத அவளால் மாடிக்கு ஏற முடியவில்லை.

அணைக் கண்காணிப்பாளர் சிவகாமி தொலைபேசியில் சொன்னாள்: "அணை இதுக்கு மேல தாங்காதும்மா. யாராச்சும் முறை மாத்திக்கிட்டாத்தான் உண்டு."

"யாருகிட்டக் கேக்க? எதிர்வீட்டு அக்கா என்கூடப் பேசுறதே இல்லியே."

அதற்குள் எதிர்வீட்டு அந்தோணியம்மாள், கையில் துணிமூட்டையுடன் நனைந்துகொண்டே உள்ளே வந்து தொலைபேசியை வாங்கினாள்.

"தண்ணிய எங்க வீட்டுக்கு விடு, சிவகாமி."

கோமதி திகைத்தாள். "அக்கா, உங்க கட்டிலு, பீரோ எல்லாம் போயிருமே!"

"எம் மவ கல்யாணத்தன்னைக்கு நீ முறை மாத்த மாட்டேன்னுட்ட. நானும் அப்படியே சொல்லணுமாக்கும்? பிள்ளையக் குடு."

எதிரே அவளுடைய வீட்டுக்குள் நீர் புகுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை மடியில் கிடத்தித் தட்டிக்கொடுத்தாள்.

"சும்மா விட்டேன்னு நெனைக்காத, ஏட்டி. அடுத்த வருசம் என் முறையும் உனக்குத்தான். அதுக்குள்ள இவன் மாடிப்படி ஏறப் படிச்சிருவான்."