தொலைபேசியில் சொன்ன நிறை

"சப்பாத்தைக் கழட்டட்டாம்," என்றார் இரத்தினவேல்.

நிலாணி சப்பாத்தைக் கழற்றினாள். கேட்காமலே சுவெட்டரையும் கழற்றினாள். ஆறு மாத வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினாள்.

அறுபது கிலோ.

ஸ்கார்பரோவில் இருக்கிற வந்தேறு குடித் தாய்மாருக்குக் கர்ப்பத்தில் நிறை எவ்வளவு ஏறுகிறது என்று ஓர் ஆராய்ச்சி. அதற்கு ஒரு நேர்ஸ். அவ இங்கிலிஷில் சொல்லுவதைத் தமிழில் சொல்ல, நிலாணியின் புருஷன் இரத்தினவேல். நேர்ஸிடம் ஒரு படம். ஏறவேண்டிய அளவுக்கு அதில் பச்சையாக ஒரு பாதை போட்டிருந்தது.

நிலாணியின் புள்ளி பாதைக்கு மேலே, எங்கேயோ ஆகாயத்தில் நின்றது.

நேர்ஸ் உதட்டைப் பிதுக்கினா.

"பன்னிரண்டு கிலோ கூடிப்போச்சாம். சரியான மோசமாம். நீர் சோத்தை இன்னும் குறைக்கோணுமாம்."

"இன்னுமோ?"

"எனக்காகவே சொல்லுறன்? எல்லாம் பிள்ளைக்குத்தானே."

இனிக் குறைக்க இருந்தது அரை அகப்பைச் சோறு. இரண்டு மாதமாக அதுதான். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும்போதெல்லாம், பசியில் உதைக்கிறதோ என்று நிலாணி வயிற்றைத் தடவிக்கொடுப்பாள்.

மாமி, இரத்தினவேலின் தாய், இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட வந்திருந்தா. குளிர் கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா.

"தம்பி, உந்த நேர்ஸ் எதிலையிருந்து எண்ணுறா?"

"கலியாணத்துக்கு முதல் இருந்த நிறையிலையிருந்து அம்மா. நாப்பத்தெட்டு."

"அது ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான். கலியாணம் பேசேக்கை இவவின்ரை தமையன் கொழும்பிலையிருந்து ரெலிபோனிலை உங்களிட்டைச் சொன்னதுதானே."

நிலாணி நிலத்தைப் பார்த்தாள்.

அண்ணன் அந்த நாற்பத்தெட்டைச் சொன்ன அதே கிழமைதான் டொக்டரிடம் அவளுக்கு நிறை பார்த்திருந்தார்கள். ஐம்பத்தேழு. அண்ணனிடம் சொன்னாள். கனடாக் குளிருக்கு அதெல்லாம் தானாய்க் குறையும் என்று அவன் சொல்லிவிட்டான்.

குறையவில்லை. இப்போது அண்ணனின் அதே வாய் தங்கச்சிக்கும் இந்த வீட்டுச் சொந்தத்திலேயே, பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு மாப்பிள்ளை பேசுகிறது. நாற்பத்தெட்டு பொய் என்று இங்கே தெரிந்தால் அந்தக் கலியாணமும் கோவிந்தா. அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. சோற்றுக்கும் திறக்கவில்லை.

மாமி கோட்டின் பொத்தானைக் கழற்றினா.

"நாப்பத்தெட்டெண்டு நம்பித்தான் நானும் கலியாண பிளவுஸ் தைச்சனான். கலியாணத்துக்கு முதல் நாள் இவவுக்குப் போட்டுப் பாத்தால், கையே ஏறேல்லை. விடிய விடிய ரண்டு பக்கத் தையலையும் பிரிச்சு விட்டன். ஒருதருக்கும் சொல்லேல்லை."

இரத்தினவேல் தாயைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"பிள்ளை, மெய்யைச் சொல்லு. எவ்வளவு?" என்று மாமி நிலாணியைக் கேட்டா.

"ஐம்பத்தேழு, மாமி."

மாமிக்கு இங்கிலிஷில் எண்கள் மட்டும் தெரியும். சீனியர்மாரோடு பிங்கோ விளையாடிப் பிடித்தவை. நேர்ஸின் பக்கம் திரும்பி, சத்தமாக, பிங்கோவில் கூப்பிடுகிற மாதிரியே சொன்னா.

"பிஃப்ரி செவின்."

இரத்தினவேல் விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. அவர் விளங்கப்படுத்தியதை நேர்ஸ் இரண்டு தடவை கேட்டா. பிறகு றப்பரை எடுத்தா.

ஆகாயத்தில் நின்ற புள்ளி அழிந்தது. புதுப் புள்ளி பச்சைப் பாதையையும் தாண்டிக் கீழே போய் விழுந்தது.

இப்போது நேர்ஸின் முகம் உண்மையாகவே மாறியது.

"என்னவாம்?" என்றா மாமி.

"மூண்டு கிலோதான் கூடியிருக்காம். காணாதாம்." அவருடைய குரல் இறங்கிப்போயிருந்தது. "சாப்பிடட்டாம். சோறும் சாப்பிடட்டாம்."

அவர் சொல்லி முடிக்க முதல் மாமியின் கைப்பையிலிருந்து, ரிசுக் கடதாசியில் சுற்றிய, பொரித்த றோல்ஸ் ஒன்று வெளியே வந்தது. நிலாணி நின்ற நிலையிலேயே கடித்தாள்.

"ஒன்பது கிலோப் பொய் சொல்லியிருக்கினம் அம்மா," என்றார் இரத்தினவேல் அடங்கிய குரலில். "எங்களைப் பேயராக்கி ஏமாத்திப்போட்டினம். அஜக்ஸ் மாப்பிள்ளை பகுதிக்கு இதைச் சொல்லத்தான் வேணும்."

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை. ரெலிபோன் எடுக்கிற கோலிங் கார்ட்டிலை காசு முடியிறதுக்குள்ளை எல்லாரும் ரண்டு பொய் சொல்லுறதுதான்."

நேர்ஸ் பக்கத்தைப் புரட்டினா. பேனாவை இரத்தினவேலின் பக்கம் நீட்டிச் சிரித்தா. இனிப் பிள்ளையின் தகப்பனைப் பற்றி ஒன்றிரண்டு கேள்விகளாம். முதலாவது, வயது.

இரத்தினவேல் தன்னுடைய மை பூசிய கன்னங்கரிய தலைமயிரை ஒரு தடவை தடவினார்.

மாப்பிள்ளைக்கு முப்பத்துமூன்று என்று கொழும்புக்குச் சொன்னது மாமிதான். அதே ரெலிபோனில், அதே கார்ட்டில்.

அவர் தாயைப் பார்த்தார். மாமி சுவரில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தா.

"சொல்லு ராசா. எல்லாம் பிள்ளைக்குத்தானே."

நிலாணி மெல்லுவதை நிறுத்தினாள்.