எலும்பு பிடித்த பல்

சின்னராசு கன்னத்தில் விட்ட ஒரே அறையில் பெயர்ந்துபோன தன் பல்லின் இடத்தில், அவனுக்குத் தெரியாமல் புதுப் பல் கட்ட ஒரு திருகாணியை நட்டுக்கொண்டு வந்தாள் அவன் மனைவி தனபாக்கியம். பசை போட்டு ஒட்டுகிற வேலை இல்லை, தாடையெலும்பு தானாக வளர்ந்து அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும், நாலு மாதம் ஆகும் என்று பல் டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாலு மாதமும் கஞ்சியும் குழைந்த சோறுமாக இருந்தாள். "என்னடி பொக்கை" என்று அவன் கூப்பிடும்போதெல்லாம், திருகாணி இருக்கும் ஈறை நாக்கு நுனியால் தடவிக்கொண்டாள். கடைசியில் டாக்டரம்மா தட்டிப் பார்த்தார்.

"நல்லா புடிச்சிருக்கும்மா. அசையவே மாட்டேங்குது."

"என் எலும்புங்க. புடிச்சா விடாது."

அதன்மேல் பல்லைப் பொருத்திக்கொண்டு, வாயைத் திறக்காமல் வீடு வந்தாள். மறுநாள் பொங்கல். சின்னராசு கரும்பும் அரிவாளுமாக உட்கார்ந்தான்.

"பொக்கைக்குப் பொடிசா நறுக்கித் தரவா?"

அவள் முழுக் கரும்பையும் அவனிடமிருந்து வாங்கினாள். புதுப் பல்லைக் கணுவுக்கு மேலே பதித்து, ஒரே இழுப்பில் முழ நீளத்துக்குத் தோலை உரித்தாள். சின்னராசு தன் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். தோலை அவன் காலடியில் துப்பிவிட்டு, அவள் அடுத்த கணுவுக்குப் போனாள்.