அண்ணன் வளர்ப்பு

"பொண்டாட்டி மேல கை நீட்டுறவன்லாம் ஆம்பளையாடா? த்தூ!"

ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு தம்பி ஹைதரை வீட்டுக்கு இழுத்து வந்திருந்தார் ஷேக் அலாவுதீன். ஊரில் நாலு குடும்பத்துக்கு நியாயம் சொல்கிற மனுசன். சொந்தத் தம்பியை விடுவாரா?

எதிரே ஹைதரின் மனைவி சலேஹா. காலடியில் துணிப்பை. அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று கிளம்பி வந்திருந்தாள்.

"அத்தா மவுத்தானப்ப உனக்கு ஏழு வயசு. இந்த வீட்டுல வச்சு நான்தானே வளத்தேன்? இதையாடா சொல்லிக் குடுத்தேன்?"

ஹைதர் குலுங்கிக் குலுங்கி அழுதான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"வேணும்னு செய்யலண்ணே. கோபம் வந்தா கண்ணு தெரியல."

அலாவுதீன் இறங்கி வந்தார். "பாத்தியாம்மா? கோபக்காரன்தான், கெட்டவன் இல்ல லா. குடும்பம்னா நாலும் இருக்கும். இந்த ஒரு தடவ மன்னிச்சு வீட்டுக்குப் போம்மா."

சலேஹா நிமிர்ந்தாள்.

"வேல பாக்குற நாசி கண்டார் சோத்துக்கடையில தினம் எத்தன பேரு இவர ஏசுறாங்க! போன வாரம் ஒருத்தன் குழம்பு சரியில்லன்னு தட்டையே தள்ளிவிட்டான். 'சாரி பாஸ்'னு சிரிச்சாரு. அங்க மட்டும் கண்ணு நல்லாத் தெரியுது."

அவள் அலாவுதீன் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வருசம்ண்ணே. மூஞ்சில ஒரு அடி விழுந்ததில்ல. எல்லாம் பாஜு சட்ட போட்டா மறையுற எடத்துலதான். கண்ணு தெரியாதவருக்கு எடம் மட்டும் எப்படித் தெரியுது? யாரு சொல்லிக் குடுத்தா?"

ஹைதர் மெல்லத் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேத்தண்ணி கொண்டுவந்த அலாவுதீனின் மனைவி ஹாஜரா எல்லாவற்றையும் கேட்டபடி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். குனிந்து சலேஹாவின் பையைத் தூக்கினாள்.

"வாம்மா. ஃபெரி வரைக்கும் நானும் வர்றேன்."

"ஹாஜரா!" என்று அதட்டினார் அலாவுதீன்.

அவள் திரும்பவில்லை. பையைத் தோளில் மாட்டியதில் பாஜுவின் கை முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது. உள்ளே நீலமாகக் கன்றிப் போயிருந்தது.

இருபத்திரண்டு வருசமாக அவசர அவசரமாக இழுத்து மூடிய கை. இன்றைக்கு அவள் மூடவில்லை.