ஐரியின் தட்டு

பிலோமினா வீட்டுக்கு வரும் வெளிநாட்டு விருந்தாளிகள் யாரும் விமானம் ஏறுவதில்லை. தங்கள் ஊரில் இருந்தபடியே, அவள் கூடத்தில் நிற்கும் இயந்திர உடம்புக்குள் வந்து இறங்கி, அதன் வழியே பார்ப்பார்கள், பேசுவார்கள், நடப்பார்கள். பின்லாந்து ஐரி அப்படித்தான் வருஷா வருஷம் வந்து, தூத்துக்குடியைச் சுற்றி, தமிழும் பழகிவிட்டாள். சாப்பிட மட்டும் முடியாது. ஆனாலும் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தட்டு வைக்காமல் பிலோமினாவால் இருக்க முடியாது. மீன்குழம்பை ஊற்றி, "பாத்துக்கிட்டாவது இரு பிள்ள" என்பாள். கடைசியில் அதையும் காலி செய்வது அவள் புருஷன் சவரிமுத்துதான்.

இந்த வருஷம் வியர்த்து வழிய ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"அக்கா, நான் ஐரி. நேர்லயே வந்துட்டேன்."

பிலோமினாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள். சவரிமுத்து பழக்கதோஷத்தில் பக்கத்துத் தட்டுக்குக் கை நீட்டினார்.

ஐரி அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு இது எனக்கு!"