பெயர் மாற்றப்பட்டுள்ளது

ரேவதி மறுபடியும் சிரித்துவிட்டாள்.

"நீ சிரிக்காத சிரிக்காதன்னு சொல்லிக்கினே கீறே, அதான்க்கா சிரிப்பு வருது. நான் இன்னா பண்ண?"

போனைக் கீழே இறக்கினேன். காலையிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையிலும் பல் தெரிந்தது. தலைக்கு மேலே கிழிந்த நீலத் தார்ப்பாய், பக்கத்தில் ஒழுகினால் பிடிக்க வைத்த குண்டான், நடுவில் கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல ரேவதி.

மானாம்பதியைத் தாண்டி, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் எட்டுக் குடிசைகளுக்கு மழைக்கு முன்னால் தகரக் கூரை போட வேண்டும். அதற்கு நன்கொடை கேட்டு எங்கள் அறக்கட்டளை சென்னையிலிருந்து ஒரு வேண்டுகோள் அனுப்பும். வேண்டுகோளுக்கு ஒரு முகம் வேண்டும்.

அந்த முகத்தைத் தேடிப் பிடித்து, படமெடுத்து, கீழே நாலு வரி உருக்கமாக எழுதிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். தகவல் தொடர்பு மேலாளர் என்று பெயர். என் மாமியார் அக்கம்பக்கத்தில் நான் போன் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். நானும் மறுக்கவில்லை. அது கொஞ்சம் கௌரவமாகவே இருக்கிறது.

போன இரண்டு வேண்டுகோள்களிலும் ரேவதிதான் முகம். இரண்டும் ஊத்திக்கொண்டன. சிரிக்கிறவர்களுக்கு யார் பணம் தருவார்கள் என்று இயக்குநர் முத்துகிருஷ்ணன் கேட்டார். இதுவும் போனால் தகவல் தொடர்புத் துறையை மூடிவிட யோசிப்பதாகத் தன்மையாகச் சொன்னார்.

துறை என்றால் நான் ஒருத்திதான். கணவருக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்.

"எப்டி மூஞ்சிய வெச்சிக்கணும்னு நீயே ஒரு தபா பண்ணிக் காட்டேன்" என்றாள் ரேவதி.

அதற்கென்ன, காட்டினேன். போனை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குடிசை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டேன். கண் தூரத்தில் எங்கேயோ இருக்க வேண்டும், ஆனால் எதையும் பார்க்கக் கூடாது என்று பாடம் நடத்தினேன்.

நடத்திக்கொண்டிருக்கும்போதே, வேலை போய்விட்டது என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டேன்.

அவ்வளவுதான். கண்ணீர் கொட்ட ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை.

ரேவதியின் சிரிப்பு நின்றது. போனில் க்ளிக் என்று சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் நான் எடுத்த படங்களில் அவள் சிரிக்கவில்லை. முகம் வாடித்தான் இருந்தது. என்னைப் பார்த்து வாடிய முகம். எப்படி வாடினால் என்ன, வேலை முடிந்தது.

அங்கே சிக்னல் வேண்டுமென்றால் ஏரிக்கரை மேல் ஏற வேண்டும். இரண்டு பேரும் ஏறினோம். இருந்த படங்களை ஒட்டுமொத்தமாக இயக்குநருக்குத் தள்ளிவிட்டேன். நான் அழுத படமும் அதோடு போய்ச் சேர்ந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அழிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"தேவயானி, தலையில் முந்தானை போட்டு அழுகிறாரே ஒரு அம்மா, அவர்தான்! என்ன முகம்! இதையெல்லாம் நடிக்க முடியாது. மற்ற படங்கள் வேண்டாம்."

ரேவதிக்குப் படித்துக் காட்டினேன்.

"காலீலேர்ந்து நின்னுக்கினு கீறேன், என் மூஞ்சி வோணாமாமா?" என்று முறைத்தாள். பிறகு, "கூரை வருமா?"

வரும் என்றேன்.

"அப்ப உன் மூஞ்சியே போவட்டும்."

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. யார் படத்தைப் போட்டாலும் முதலில் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும், பெயரை மாற்ற வேண்டும், என்ன தேவை என்று விசாரிக்க வேண்டும். நான் கேட்டுக் கேட்டு ரேவதிக்கு மனப்பாடம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே கேட்டாள். படத்தைப் போட்டு உதவி கேட்கலாமா, இஷ்டம் இல்லையென்றால் தாராளமாக மறுக்கலாம், அதனால் உங்களுக்கு ஒரு குறையும் வராது என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்.

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். சம்பளத் தேதி ஞாபகம் வந்தது. சம்மதம் என்றேன்.

"பேரு? போன வருசம் எனக்கு செல்லம்மான்னு ஒரு கெயவி பேரு வெச்சியே, அதையே வெச்சிக்க" என்றாள். ஒரு வருடக் கோபம் அதில் இருந்தது.

பெயர் செல்லம்மா, மாற்றப்பட்டுள்ளது என்று தட்டி அனுப்பினேன்.

"அவருக்கு என்ன தேவை என்று கேட்டீர்களா?" என்று இயக்குநரிடமிருந்து வந்தது.

உள்ளதையே எழுதினேன். "கேட்டேன் சார். இருக்கிற வேலை போகாமல் இருந்தால் போதும் என்கிறார்."

"பாவம்" என்று வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. "ஆனால் அதற்கெல்லாம் யாரும் நன்கொடை தர மாட்டார்கள். கூரை என்று போடுங்கள். பிரமாதமாகச் செய்திருக்கிறீர்கள். மீதியைத் திங்கட்கிழமை கூட்டத்தில் நேரில் பேசலாம்."

வேலை தப்பித்தது. ரேவதி அதற்குள் கரையிலிருந்து இறங்கி, கூரை வருகிறது என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

கூரை என்று போட்டேன்.

மூன்று வருடமாக அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவருக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்காருகிறவள் நான்.