தேடிப் பிடித்த வக்கீல்

"ரொம்ப மெனக்கெடாதீங்க சார். உங்களுக்கு வந்ததைப் பேசுங்க, போதும்" என்றார் குழந்தையின் அப்பா.

வக்கீலுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கோர்ட் வட்டாரத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'வாய்தா'. கறுப்புக் கோட்டு வெளுத்துப்போகிற வரைக்கும் தொழில் பார்த்தும், வாய்தா வாங்கியதைத் தவிர வேறு எதையும் வாங்கியதில்லை மனிதர். வாதாடிய கேஸெல்லாம் தோல்வி. அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்து, இவ்வளவு பெரிய கேஸைக் கொடுத்திருக்கிறார்களே!

கேஸ் இதுதான். ஆறு வயதுப் பெண் குழந்தை. மூளையில் நோய், இனிப் பிழைக்க வழியில்லை. மூச்சு ஓடுவதே மெஷின் தயவில்தான். மெஷினை எடுத்துவிடலாம் என்றது ஆஸ்பத்திரி. பெற்றவர்கள் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரி கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

"நாம ஜெயிக்க வாய்ப்பிருக்கா சார்?" அம்மா மெல்லக் கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லணும்னா, கஷ்டம்தாம்மா. பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் அந்தப் பக்கம் நிக்கிறாங்க."

அவள் ஒரு பெருமூச்சு விட்டு, வராந்தா பெஞ்சில் சாய்ந்துகொண்டாள். வக்கீலுக்குச் சுருக்கென்றது. பாவம், பெற்ற வயிறு! இந்த ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே ஆஸ்பத்திரி வக்கீல் வெளுத்து வாங்கினார். "சளி எடுக்கக் குழாய் விடும்போதெல்லாம் அந்தக் குழந்தை அழுவுதுங்க. சத்தம்கூட வர்றதில்ல, கண்ணீர் மட்டும்தான் வருது. இது வைத்தியமில்ல, வதை!"

பின்வரிசையில் அப்பா, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். வாய்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் அவர் காதைக் கடித்தார். "என்ன சார் நீங்க? அவர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறீங்க! நாம எந்தப் பக்கம்?"

வாய்தாவின் முறை வந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் வாய்தா கேட்பார். இன்று கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் குழந்தைக்கு ஒரு ஊசி போடறதுக்கும் பெத்தவங்க கையெழுத்து கேட்டீங்க. தொண்டையில துளை போடறதுக்கும் கேட்டீங்க. உயிரை எடுக்கறதுக்கு மட்டும் அவங்க கையெழுத்து வேண்டாமா?"

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மதியம் தீர்ப்பு வந்தது. பெற்றவர்கள் சம்மதம் சொல்லாதவரை அந்த மெஷினில் யாரும் கைவைக்கக் கூடாது.

வாய்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரி வக்கீலே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்! கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் வாய்தா வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"ஜெயிச்சுட்டோம்மா! இனிமே உங்க பாப்பாவை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்களா வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு!"

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆனந்தக் கண்ணீர்! வக்கீலுக்கும் கண் கலங்கிவிட்டது. "அழாதீங்கம்மா. இத்தனை பேர் இருக்க என்னை நம்பி வந்தீங்களே, நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

அப்பா அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும், எடுத்துடுங்கன்னு பெத்த வாயால சொல்ல முடியல சார். கோர்ட்டே சொல்லிடட்டும், பாப்பா நிம்மதியாப் போயிடட்டும்னுதான்... ஒரு கேஸ்கூட ஜெயிக்காத வக்கீல் யாருன்னு ஊரெல்லாம் விசாரிச்சு உங்ககிட்ட வந்தோம்."